ஆம்பளைக் கொழுந்து

என் வீட்டுக்காரர் முதன்முதலாகத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன காலையில் நான் கார்மெண்ட்ஸ் தொழிற்சாலை பஸ்ஸுக்காகப் பலாபத்வல சந்தியில் நின்றிருந்தேன். பஸ் வரும் பக்கம் பார்க்காமல் மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். பனி இறங்கியிருந்தது. தேயிலையும் தெரியவில்லை, நாங்கள் குடியிருக்கிற லயமும் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளே எங்கேயோ அவர் குனிந்து நின்று கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கும்போதே சிரிப்பு வந்தது. பயமாகவும் இருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் நெஞ்சு படபடவென்று அடித்தது. நானும் அவரும் சேர்ந்து யாருக்கும் தெரியாமல் பெரிய காரியம் ஒன்றைச் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

இதில் படபடக்க என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுப்பது பெண்கள் வேலை. செடியைக் கவ்வாத்து வெட்டுவது, தண்ணீர் ஓடக் கான் வெட்டுவது, மருந்தடிப்பது எல்லாம் ஆண்கள் வேலை. வேறு தோட்டங்களில் ஆண்களும் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். அது வேறு தோட்டம். எங்கள் பக்கம் யாரும் சட்டம் போட்டு அப்படிப் பிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் ஆம்பளை விரல் தடிப்பு, மொட்டு நசுங்கிவிடும் என்பார்கள். அதே விரலால்தான் ஞாயிற்றுக்கிழமை கேரம் போர்டின் மூலையில் ஒட்டிக் கிடக்கும் காயைத் தொட்டும் தொடாமலும் சுண்டி விழுத்துவார்கள். போனைக் கழற்றி உள்ளே இருக்கிற மயிர் போன்ற வயரைப் பிடித்து ஒட்டுவார்கள். இரண்டையும் யாரும் சேர்த்து யோசித்ததில்லை. நானும் யோசித்ததில்லை.

இவ்வளவுக்கும் நான் கொழுந்து வேலைக்குப் போகாமல் கார்மெண்ட்ஸுக்குப் போனவள். எங்கள் லயத்திலிருந்து முதலில் அந்த பஸ்ஸில் ஏறிய பெண்களில் நானும் ஒருத்தி. அப்போது எங்களைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போனால் பெஞ்சில் எனக்குப் பக்கத்து இடம் கடைசியாகத்தான் நிரம்பும். இப்போது பத்தாம் வகுப்பு முடித்த பெண் வீட்டில் சும்மா இருந்தால், ஏன் கார்மெண்ட்ஸுக்குப் போகவில்லை என்று அதே வாய்கள் கேட்கின்றன. அந்த மாற்றம் நான் கவனிக்காத நேரத்தில் நடந்து முடிந்துவிட்டது. எப்போது நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் இந்தக் கொழுந்து விஷயம் என் கண் முன்னால் நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் மேசன் பாஸ். கொழும்புப் பக்கம் வீடு கட்டும் வேலைக்குப் போய் மாதம் ஒரு தரம் வருவார். பெட்ரோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை என்று நாடே றோட்டில் நின்ற வருஷம், சீமெந்தும் கிடைக்காமல் வேலையெல்லாம் பாதியில் நின்றுபோய், அலவாங்கையும் மட்டப்பலகையையும் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். தோட்டத்தில் தேயிலை மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களிடம் கொடுத்திருந்த நேரம் அது. நாங்களே பராமரித்து, கொழுந்து எடுத்து, நிறுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் துண்டு அவருடைய அக்காவின் பெயரில் இருந்தது. எனக்கு மதினி. புருஷன் இறந்த பிறகு எங்களுக்கு அடுத்த காம்பராவில்தான் மகளோடு இருக்கிறார். மதினி எடுக்கிற கொழுந்தில் காம்பு நீண்டது ஒன்று இருக்காது என்று மடுவத்தில் நிறுப்பவர்களே சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்ததும் மலையில் ஆண்கள் வேலையெல்லாம் அவர் பார்த்தார், கொழுந்து மதினி எடுத்தார். நான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போய் ஏதோ என்னாலான அளவு எடுப்பேன். அப்படியே போய்க்கொண்டிருந்தபோது மழை வந்தது. மழை விட்டு வெயில் அடித்ததும் மலை முழுக்கக் கொழுந்து பொங்கிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து மதினி பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போய், பாசி பிடித்த கல்லில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாத்தளை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

ஆள் பிடித்து எடுக்கலாம் என்றால் எல்லாப் பெண்களுக்கும் அவரவர் மலையில் கொழுந்து நின்றது. இளம் பிள்ளைகள் எல்லாம் என்னோடு பஸ்ஸில் வருகிறவர்கள். விட்டால் இலை முற்றிப்போகும். அன்று பின்னேரம் மூன்று பேரும் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து இதைத்தான் பேசினோம். மதினி ஒற்றைக் கையால் எடுக்கப் பார்க்கிறேன் என்றார். என் வீட்டுக்காரர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"எதுக்கு ஒத்தக் கையால? எனக்கு ரெண்டு கை இருக்குதே."

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. மதினிக்கு விளங்கிவிட்டது.

"என்ன தம்பி பேசுற? ஊருல சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். முத்துன கொழுந்துக்கு யாரும் அழப் போறதில்ல."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கேலிச் சிரிப்பு இல்லை. இத்தனை வருஷம் கண் முன்னால் கிடந்த ஒரு சாவியை யாரோ சும்மா எடுத்து நீட்டிய மாதிரி இருந்தது எனக்கு. மதினி சிரிக்கவில்லை. மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, தம்பிக்குப் பேய் பிடித்துவிட்டதோ என்பது போலப் பார்த்தார்.

விடிந்ததும் என் வீட்டுக்காரர் மலைக்குப் போனார். போவதற்கு முன்னால் ஒரு சிக்கல் வந்தது. இப்போதெல்லாம் பிரம்புக் கூடை கிடையாது, உர பேக்கில்தான் கொழுந்து போடுவோம். அதில் கயிறு கட்டி, கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, பேக்கை முதுகில் தொங்க விடுவார்கள். அவர் பேக்கை எடுத்தார், கயிற்றைப் பார்த்தார், திரும்ப வைத்தார்.

"தலையில மட்டும் கயிறு போட மாட்டேன்."

கொழுந்து எடுக்கலாம், கயிறு போடக் கூடாது. அதில் என்ன நியாயம் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. பேக்கை ஒரு தோளில் போட்டுக்கொண்டு போனார். குனிகிற ஒவ்வொரு தரமும் அது வழுக்கி முன்னால் வந்து விழுந்திருக்கிறது. பின்னேரம் நான் வேலை முடிந்து வரும்போது தோள் தோல் உரிந்து சிவந்து போய் உட்கார்ந்திருந்தார். கொழுந்து கொஞ்சம்தான். அதிலும் பாதி முற்றல் என்று மதினி கழித்துப் போட்டாராம்.

முதல் சில நாள் யாருக்கும் தெரியாது. பனி விலகுவதற்குள் எடுத்துவிட்டு, மேலிருந்து பேக்கைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்கு வருவார். அங்கே மதினி மாவுக்கட்டோடு உட்கார்ந்திருப்பார். மதினி எடுத்த கொழுந்தை இவர் சுமந்து வந்து போடுகிற மாதிரி காட்டிக்கொண்டார்கள். ஆம்பளை மூட்டை சுமந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மாவுக்கட்டுக் கையால் இவ்வளவு எப்படி எடுத்தார் என்று யாரும் கேட்கவும் இல்லை. இதை அவர் சொன்னபோது, பார்க்க எதிர்பார்ப்பதைத்தானே மனுஷர் பார்க்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நான் தையல் மெஷினைத் திறந்தேன். எங்கள் மகள் சின்ன வகுப்பில் கொண்டுபோன ஸ்கூல் பேக் ஒன்று பழசாகிக் கிடந்தது. அதன் தோள் பட்டி இரண்டும் நல்ல ஸ்பொஞ்ச் வைத்து மெத்தென்று இருக்கும். அவற்றைப் பிரித்தெடுத்து உர பேக்கில் வைத்து, நாள் முழுக்க ஜீன்ஸ் தைத்துப் பழகிய கை அல்லவா, குறுக்குத் தையல் போட்டு இறுக்கிக் கொடுத்தேன். ஒரே ஒரு குறை. பட்டி ரோஸ் நிறம். அதில் வரிசையாகப் பட்டாம்பூச்சி. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டினார், குனிந்தார், நிமிர்ந்தார். பேக் முதுகோடு ஒட்டி நின்றது.

"சரியா இருக்கு," என்றார்.

அடுத்த நாள் பனி சீக்கிரமே விலகிவிட்டது. எதிர் மலையில் பெண்கள் வரிசையாகக் கொழுந்தில் நின்றிருக்கிறார்கள். வெயில் பளிச்சென்று அடித்தபோது இந்தப் பக்கம் இடுப்பளவு தேயிலைக்குள்ளே மீசை வைத்த ஒரு ஆள், ரோஸ் பட்டாம்பூச்சி மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கிறார். முதலில் ஒருத்தி சிரித்தாளாம். பிறகு அது ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்கு, அங்கிருந்து மலை உச்சி வரைக்கும் ஏறிப் போனதாம். எனக்கு அன்று மத்தியானமே போனில் செய்தி வந்துவிட்டது. மெஷினில் கை ஓடவில்லை. வீட்டுக்கு வந்து அவரிடம், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"என்ன செய்றது? ஒரு கையத் தூக்கிக் காட்டிட்டு எடுத்தேன்."

அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் புதிதாகப் பார்த்த மாதிரி இருந்தது.

பெண்கள் சிரித்தது அவரை ஒன்றும் செய்யவில்லை. ஆண்கள் சிரித்ததுதான் குத்தியது. எங்கள் லயத்திலேயே அவரோடு ஒன்றாக வளர்ந்த கூட்டாளி ஒருவர் ஓட்டோ ஓட்டுகிறார். சந்திக் கடையில் எல்லார் முன்னாலும், நாளைக்குச் சேலை கட்டிக்கொண்டு வருவாயா மச்சான் என்று கேட்டிருக்கிறார். இவர் பிளேன்டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார். அதன் பிறகு கொஞ்ச நாள் சந்திப் பக்கம் போகவே இல்லை. நான் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். விடு என்று ஒரே சொல்லில் நிறுத்திவிட்டார். ஆனால் கொழுந்தை விடவில்லை. மதினி மேல் நிரையில் நின்று, இது வேண்டாம், அதைக் கிள்ளு என்று கத்திக்கொண்டே இருப்பார். இவரும் பதிலுக்குக் கத்துவார். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சண்டை பிடித்துக்கொண்டே மலையை முடிப்பார்கள்.

பெண்களுக்குள்ளே பேச்சு வேறு மாதிரி திரும்பியது. சிரிப்பு அடங்கியதும் யோசிக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி, இந்தாள் எடுக்கிறாரே, என் வீட்டில் இருக்கிறதுக்கு என்ன கேடு என்றாள். எல்லாரும் அப்படி நினைக்கவில்லை. எங்கள் பிரிவில் வேகமாகக் கொழுந்து எடுப்பதில் பெயர் போன ஒரு அக்கா இருக்கிறார். பேச்சும் அவருக்கு அதே வேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் படியில் என்னை நிறுத்திக் கேட்டார்.

"ஆம்பளைங்களும் கொழுந்துக்கு வந்துட்டா அப்பறம் நாங்க எதுக்கு? எங்க கையில இருக்கிறது இது ஒண்ணுதான். அதையும் குடுத்துட்டு எங்க போறது?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பக்கத்தில் நின்ற இன்னொருத்தி, அவங்க கொழுந்து எடுக்கட்டும், நாம போய் கேரம் விளையாடலாம் என்றாள். படியில் நின்ற எல்லாரும் சிரித்தோம். அந்த அக்காவும் சிரித்தார். ஆனால் கேள்வி அங்கேயே நின்றது.

பிறகு ஒவ்வொருவராக ஆண்கள் வந்தார்கள். வந்தது எப்படி என்பதுதான் வேடிக்கை. முதலில் மூட்டை தூக்க வருவது போல மலைக்கு வந்தார்கள். வந்த இடத்தில் சும்மா நிற்க முடியாமல் இரண்டு கிள்ளினார்கள். அடுத்த வாரம் நேராக என்னிடம் வந்தார்கள், தோள் பட்டி தைத்துத் தரச் சொல்லி. தலைக் கயிற்றை ஒருவரும் தொடவில்லை. ஒருவர் எனக்கு விளக்கமே சொன்னார். தலையில் மாட்டினால்தான் அது கொழுந்து வேலை, முதுகில் மாட்டினால் அது பேக் போட்டு வேலை செய்கிற மாதிரிதானாம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு சுவரை யாரும் இடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு சின்னக் கதவு கிடைத்தது, எல்லாரும் அதன் வழியாக நுழைந்து வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கதவுக்கு நான் தையல் போட்டுக்கொண்டிருந்தேன்.

பழைய ஸ்கூல் பேக்குகள் தீர்ந்துவிட்டன. பெல்ட் நாடா வாங்க யட்டவத்தச் சந்தைக்குப் போனேன். அங்கே தையல் சாமான் விற்கும் முஸ்லிம் கடைக்காரர் நான் கேட்ட அளவைக் கேட்டு, பேக் கம்பனி ஏதும் தொடங்கியிருக்கிறேனா என்று விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நாடாவை முழம் போட்டுக்கொண்டே சொன்னார்.

"எங்க ஊருலயும் மிளகு ஆயுறது ஆம்புள, காய வைக்கிறது பொம்புள எண்டுதான் இருந்திச்சு தங்கச்சி. இப்ப என்ட மகள் ஏணி வெச்சு ஏறுறா. மொத நாள் நான் கீழ நிண்டு கத்துனேன். இப்ப ஏணியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

பஸ்ஸில் திரும்பி வரும் வழி முழுக்க மடியில் நாடாச் சுருளை வைத்துக்கொண்டு யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. எங்கள் மலையில் மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைத்திருந்தேன். மலைக்கு அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு பின்னேரம் அந்த ஓட்டோக்காரக் கூட்டாளி எங்கள் வாசலில் வந்து நின்றார். பெட்ரோல் அளந்து கொடுத்த காலம், ஓட்டோ படங்கு மூடி முற்றத்தில் நின்றது. மழையைப் பற்றிப் பேசினார். கிரிக்கெட் பற்றிப் பேசினார். என் வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, வீட்டில் ஒரு பேக் கேட்கிறாள் என்றார்.

"வீட்டுல கேக்குறாங்களா, நீங்க கேக்குறீங்களா?"

"ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கட்டுமே."

"பட்டாம்பூச்சி போட்டதா வேணும், போடாததா?"

உள்ளே இருந்து என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். கூட்டாளியும் சிரித்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தார். நான் இரண்டு பேருக்கும் டீ ஊற்றினேன். சேலைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இதெல்லாம் நடக்கும்போது மதினி மட்டும் அசையவில்லை. கட்டுப் பிரித்ததும் பழையபடி தலைக் கயிற்றை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். தம்பி எடுப்பது பழகிவிட்டது, ஆனால் அந்தப் பட்டியை மட்டும் ஆம்பளைச் சாமான் என்று ஒதுக்கி வைத்தார். தலையில் கயிறு இல்லாவிட்டால் தனக்கு வேலை ஓடாது என்பார். கயிற்றை ஆண்கள் தொட மாட்டார்கள், பட்டியை மதினி தொட மாட்டார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அந்த நேரத்தில்தான் தோட்டத்தில் கொழுந்துப் போட்டி வைத்தார்கள். மேல் பிரிவுக்கும் கீழ்ப் பிரிவுக்கும். வழக்கமாகப் பெண்களுக்கு மட்டும் நடப்பது. எங்கள் கீழ்ப் பிரிவுப் பெண்கள் சிலர், எங்கள் ஆண்களும் நிற்கட்டும் என்று காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் சொல்லிவிட்டார்கள். சுப்பவைசருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒபிசுக்குப் போன் போட்டார். நீங்களே பேசி முடிவெடுங்கள் என்று அங்கிருந்து பதில் வந்தது. பெண்கள் கூடிப் பேசினார்கள். எல்லாரும் கோயில் படியில் கேள்வி கேட்ட அந்த அக்காவைத்தான் பார்த்தார்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர் கொழுந்துக்குப் போகும்போது கட்டுகிற படங்கை உதறி இடுப்பில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"வரட்டும். வந்து தோத்துட்டுப் போகட்டும்."

போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் மதினி தன்னுடைய பேக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதை மெஷினுக்குப் பக்கத்தில் போட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். அன்று மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் தம்பியின் பேக்கை மாட்டிப் பார்த்தாராம்.

"கழுத்து வலிக்கல. அப்பதான் தெரிஞ்சிச்சு, இவ்வளவு நாளா வலிச்சிருக்குன்னு. கொழுந்துன்னா கழுத்து வலிக்கும்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

ஆண்கள் வெட்கப்பட்டு ஒதுக்கிய கயிறு, பெண்கள் கழுத்தை இத்தனை காலம் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வெட்கம் வந்திருக்காவிட்டால் இந்தப் பட்டியே வந்திருக்காது. நான் மதினிக்கு ஸ்பொஞ்ச் இரண்டு மடிப்பு வைத்துத் தைத்தேன்.

போட்டியன்று நான் லீவு போட்டேன். மலையடியில் ஐஸ்கிரீம் வண்டி, ஸ்பீக்கர், கான் கட்டில் ஏறி நின்று கத்துகிற கூட்டம். ஓட்டோக்காரர் பெட்ரோல் இல்லாத ஓட்டோவின் ஹோர்னை அழுத்திக்கொண்டே இருந்தார். பிறகு இறங்கி ஓடிவந்து வரிசையில் நின்றார். விசில் ஊதியதும் எல்லாச் சத்தமும் எனக்கு அடங்கிவிட்டது. கைகள் மட்டும்தான் தெரிந்தன. மழைத்துளி விழுகிற மாதிரி தேயிலை மேல் படபடவென்று இறங்கி ஏறுகிற கைகள். மதினி பட்டியோடு நின்றதை மேல் பிரிவுப் பெண்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். மதினி நிமிர்ந்தே பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் நடுவில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். நான் குரல் கட்டுகிற வரைக்கும் கத்தினேன். யாருக்காகக் கத்தினேன் என்று கேட்டால் இரண்டு பேருக்கும்தான்.

கொழுந்தை நிறுத்து, முற்றல் கழித்து, திரும்ப நிறுத்தார்கள். ஓட்டோக்காரரின் பேக்கில் கழித்ததுதான் கூட. என் வீட்டுக்காரர் பெண்கள் எல்லாருக்கும் பின்னால், ஆண்கள் எல்லாருக்கும் முன்னால். மதினி இரண்டாவது. முதலாவது அந்த வேகமான அக்கா, அதுவும் தலைக் கயிற்றோடு. பரிசாகக் கொடுத்த பிரஷர் குக்கரைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். எங்கள் ஆண்கள்தான் முதலில் விசிலடித்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அந்த அக்கா மதினியிடம் வந்து அந்தப் பேக்கைக் கேட்டு வாங்கி மாட்டினார். கொஞ்சத் தூரம் நடந்தார். கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார். கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரம் முடிவதற்குள் அவருடைய பேக் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

பெட்ரோல் தாராளமாக வந்து, சீமெந்தும் வந்து, என் வீட்டுக்காரர் மாத்தளையிலேயே மேசன் வேலை தொடங்கிவிட்டார். ஆனாலும் மழை விட்டு வெயில் வந்தால் காலையில் கொழுந்து, பிறகுதான் சீமெந்து. எங்கள் பிரிவில் அப்படிப் பல ஆண்கள் இருக்கிறார்கள். தலைக் கயிறு கிட்டத்தட்டப் போய்விட்டது. வேனில் வருகிற வெள்ளைக்காரர்கள் படம் எடுப்பதற்காக மாட்டச் சொன்னால், யார் வீட்டிலாவது கயிற்றைத் தேட வேண்டியிருக்கிறது.

போன வருஷம் சந்திக் கடையில் நானும் அவரும் பஸ்ஸுக்கு நின்றபோது, ஓட்டோக்காரர் தன்னுடைய சவாரிக்காரர் ஒருவருக்கு மலையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க தோட்டத்துல ஆம்பள பொம்பள வித்தியாசம் இல்லைங்க. அந்தக் காலத்துல இருந்தே எல்லாரும் ஒண்ணாத்தான் கொழுந்து எடுப்போம்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பிளேன்டீயை முழுசாகக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைத்தார். எனக்குக் கோபம் வரவில்லை. சிலிர்த்துப் போனேன். அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார். ஊருடைய நினைப்பு மாறும்போது சண்டை நடந்து, ஒருவர் வென்று ஒருவர் தோற்பார் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இங்கே யாரும் தோற்கவில்லை. எல்லாரும் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்து, பிறந்ததே இங்கேதான் என்று நம்பிவிட்டார்கள். கார்மெண்ட்ஸ் விஷயமும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. எனக்குப் பக்கத்தில் உட்காரத் தயங்கியவர்களுக்கு அது ஞாபகமே இருக்காது.

இப்போது இந்தத் தை மாதம் மதினியின் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் எங்கள் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். மாப்பிள்ளை லக்கலப் பக்கம் ஒரு ஸ்கூலில் வாத்தியார், வீடு அடுத்த தோட்டம். மாப்பிள்ளையின் அம்மா பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது, குடிக்க மாட்டான், பூசை தவற மாட்டான் என்று சொல்லிக்கொண்டே வந்து, பெருமையாக ஒன்றைச் சேர்த்தார்.

"லீவுல வந்தா எனக்குச் சமமா கொழுந்து எடுப்பான்."

யாரும் சிரிக்கவில்லை. மதினி மட்டும் முன்னால் சாய்ந்து மாப்பிள்ளையிடம், முற்றல் சேர்க்காமல் எடுப்பீங்களா என்று கேட்டார். மாப்பிள்ளை முகம் சிவந்து, சேர்க்க மாட்டேன் என்றார். எனக்குள் அந்தப் பழைய படபடப்பு மறுபடியும் எழும்பியது. இந்த மதினிதான் அன்று ஊர் சிரிக்கும் என்று சொன்னவர்.

எல்லாம் கூடி வந்த மாதிரி இருந்தது. அப்போதுதான் பெண் பேசினாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, தெளிவாக, மாப்பிள்ளையைப் பார்த்தே பேசினாள்.

"எனக்கு வேல இங்கதான். பிள்ளைங்கள விட்டுட்டு வர முடியாது. கல்யாணம் முடிஞ்சா நீங்க இங்க வந்து இருக்க ஏலுமா?"

மாப்பிள்ளையின் அம்மா தன் மகனைப் பார்த்தார். மதினிக்குத் திறந்த வாய் மூடவில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பதா என்கிற கேள்வி அவர் நெற்றியில் எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"யோசிக்கலாமே," என்றார்.

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். ஆமாம் என்கிறாரா, யோசிக்கிறேன் என்கிறாரா என்று எங்களுக்கு விளங்கவில்லை. பெண்ணுக்கு விளங்கியிருக்க வேண்டும், அவள் முகம் மலர்ந்துவிட்டது. மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"மொதல்ல எல்லாரும் சாப்பிடுங்க," என்றார். "பேச்சு எங்கயும் ஓடிப் போகாது."